மகப்பேற்றின் பின் மதுவில் சிக்கும் தாய்மார்: பழியா? துணையா?

(மொன்றியலில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழர் மேடைகளில் மதுப்பழக்கம் பற்றிப் பேசப்படுவது புதிதன்று. குடித்து வீட்டை அழித்த தந்தையர் பற்றி நாடகங்கள் உண்டு, பட்டிமன்றங்கள் உண்டு, நகைச்சுவைத் துணுக்குகளும் உண்டு. ஆனால் பிள்ளை பெற்ற சில மாதங்களில், கைக்குழந்தையை அருகில் கிடத்திவிட்டு, எவரும் அறியாமல் குடிக்கத் தொடங்கும் தாயைப் பற்றி மேடைகள் பேசுவது மிக அரிது. பேசப்படாததால் அத்தகைய தாய்மார் இல்லை என்று ஆகிவிடாது. அவர்களுக்குத் துணை கிடைப்பதில்லை என்பதே அதன் விளைவு. இன்றைய உரை அவர்களைப் பற்றியது.

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். இது எவரொருவரின் சொந்தக் கதையும் அன்று. ஆயினும் இந்நகரில் எங்கும் இருக்கக்கூடிய வீடு. பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு சிறிய குடியிருப்பு. டிசம்பர் மாதம், மாலை நாலரை மணிக்கெல்லாம் இருள் சூழ்ந்துவிடுகிறது. குழந்தைக்கு இரண்டு மாதம். கணவர் மாலை வேலைக்குச் சென்று நள்ளிரவு கடந்தே திரும்புகிறார். அந்தப் பெண்ணின் தாயார் யாழ்ப்பாணத்தில். கைபேசித் திரையில் மட்டுமே அவரைக் காணலாம். பிரெஞ்சு மொழி இன்னும் வசப்படவில்லை. குழந்தையோ இரவு முழுவதும் விழித்து விழித்து அழுகிறது. விருந்தினருக்காக வாங்கி மீந்திருந்த வைனில் அரைக் குவளை குடித்தால் நித்திரை வருகிறது என்று அந்தத் தாய் ஒருநாள் கண்டுகொள்கிறார். சில வாரங்களில் அரைக் குவளை அரைப் போத்தலாகிறது. போத்தல் அரிசி மூடைக்குப் பின்னே ஒளிக்கப்படுகிறது.

ஒருநாள் அந்தப் போத்தலை வீட்டில் ஒருவர் கண்டுவிடுகிறார். கணவராக இருக்கலாம்; ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாக இருக்கலாம்; பதினாறு வயதுத் தங்கையாக இருக்கலாம். அவ்வேளையில் அவர் வாயிலிருந்து வரும் முதற்சொல் எது? அத்தாய் உதவியை நாடுவாரா, அல்லது போத்தலை இன்னும் ஆழமாக ஒளிப்பாரா என்பதை அந்த முதற்சொல்லே பெரிதும் முடிவு செய்கிறது.

அந்தச் சொல்லைத் தெரிவு செய்வதற்கு முன், ஒரு தாய் ஏன் இந்த நிலைக்கு வருகிறார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மகப்பேறு முடிந்தவுடன் உடலின் சுரப்பு நீர்களின் அளவு சில நாட்களிலேயே பெரிதும் வீழ்கிறது. முதல் இரு வாரங்களில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு நிகழ்வது. அது தானாகவே தணிந்துவிடும். இரு வாரங்களைக் கடந்தும் துயரம், அச்சம், உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை நீடிக்குமாயின் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கனடிய புள்ளிவிபரத் திணைக்களம் 2018-2019இல் நடத்திய கணிப்பீட்டில், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ உரிய உணர்வுகளைத் தெரிவித்தனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவர். மொன்றியலில் குடிவரவாளரான கர்ப்பிணிப் பெண்களிடையே செய்யப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 42 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கான எல்லைப் புள்ளியைக் கடந்திருந்தனர்.

இது புலம்பெயர்ந்த மண்ணுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் வேலூருக்கு அருகேயுள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, மகப்பேற்றின் பின் 11 விழுக்காட்டுத் தாய்மாருக்குப் புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டதைக் கண்டது. அதற்குத் துணைபோன காரணங்களாக அந்த ஆய்வு காட்டியவற்றைக் கேளுங்கள்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தமை, மாமியாருடனும் பெற்றோருடனும் சுமுகமற்ற உறவு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைகொடுத்து உதவ ஆளின்மை. இவற்றுள் எது மொன்றியலில் இல்லை? போரையும் இடப்பெயர்வையும் கண்டு வந்த குடும்பங்களில் அதன் மேல் இன்னொரு சுமையும் உண்டு.

ஊரில் பிள்ளை பெற்றவள் தனித்து விடப்படுவதில்லை. துடக்குக் கழிவு வரையிலான முப்பத்தொரு நாட்களும் வீட்டில் பெண்கள் சூழ்ந்திருப்பர். காயச்சரக்கு அரைப்பவர் ஒருவர், இலைகள் அவித்த நீரில் முழுக்காட்டுபவர் ஒருவர், இரவில் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு தாயை உறங்கச் சொல்பவர் ஒருவர். அவ்வழக்கத்தில் குறைகளும் இருந்தன. ஆயினும் தாய்க்கு உறக்கம் இருந்தது, பேச்சுத்துணை இருந்தது. மொன்றியலில் முப்பத்தோராம் நாள் விழா மண்டபத்தில் சிறப்பாக நடைபெறுகிறது. அதற்கு முந்திய முப்பது நாட்களும் யார் துணையிருந்தார் என்பதே கேள்வி. அந்த வெற்றிடத்தில்தான் மது நுழைகிறது. ஊரில் தவறணைக்குள் நுழைபவரைத் தெருவே அறியும். இங்கோ வைனும் பியரும் பலசரக்குக் கடையிலும், தெபானர் எனப்படும் மூலைக்கடையிலும், பால் வாங்கும் அதே இடத்தில் கிடைக்கின்றன. ஒரே பையில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

சில பழைய நம்பிக்கைகளும் இதற்கு வழிவிடுகின்றன. பிள்ளை பெற்றவளுக்குச் சிறிது பிராந்தி கொடுத்தால் உடல் தேறும் என்பது ஒன்று. கறுப்புப் பியர் குடித்தால் பால் சுரக்கும் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா, கேரி போஷாம் ஆகிய ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. தாய் மது அருந்திய பின் குழந்தை குடித்த பாலின் அளவு குறைந்தது. பாலை வெளியே தள்ளும் ஒட்சிற்றோசின் என்னும் சுரப்பை மது தடுக்கிறது என்பது பின்னர் தெளிவாகியது.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மது விரைவில் உறங்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் சில மணி நேரத்தில் அது உடலை விட்டு அகலும்போது மூளை முன்னிலும் அதிகமாகக் கிளர்ச்சியடைகிறது. நடுச்சாமத்தில் விழிப்பும் படபடப்பும் வருகின்றன. அடுத்த நாள் பதற்றம் கூடுகிறது. அதை அடக்க மீண்டும் மது தேவைப்படுகிறது. பெண்ணின் உடலில் நீரின் பங்கு ஆணைவிடக் குறைவு என்பதால் அதே அளவு மது அவர் இரத்தத்தில் கூடுதலாகச் செறிகிறது. ஈரல் பாதிப்பும் பெண்களுக்கு விரைவாகவே வருகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. கனடாவில் ஓர் அளவு மது என்பது 12 விழுக்காட்டு வைனில் 142 மில்லிலீற்றர். 5 விழுக்காட்டுப் பியரில் 341 மில்லிலீற்றர். 40 விழுக்காட்டு விஸ்கி போன்றவற்றில் 43 மில்லிலீற்றர். 750 மில்லிலீற்றர் வைன் போத்தலில் ஐந்து அளவுக்கு மேல் உண்டு. நாளொன்றுக்கு அரைப் போத்தல் என்றால் வாரத்துக்குப் பதினெட்டு அளவு. கனடாவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டல், வாரத்துக்கு ஏழு அளவும் அதற்கு மேலும் என்றாலே ஆபத்து வேகமாகக் கூடுகிறது என்கிறது. பாலூட்டும் தாய் குடிக்காதிருப்பதே மிகப் பாதுகாப்பானது என்றும் சொல்கிறது. இரத்தத்தில் உள்ள மதுவே பாலிலும் இருக்கும். ஓர் அளவு அகல ஏறத்தாழ 2 முதல் 2½ மணி நேரம் செல்லும். அரைப் போத்தலுக்கு 5 முதல் 6½ மணி நேரம். பாலைக் கறந்து வெளியே ஊற்றுவதால் இந்த நேரம் குறையாது. இரண்டு மாதக் குழந்தையோ இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பசியால் அழும்.

இவற்றையெல்லாம் கேட்டவுடன் கோபம் வருவது இயல்பு. அக்கோபம் எத்தகைய சொல்லாக வெளிவரும் என்பதையும் தமிழர் அறிவர். "நீயும் ஒரு தாயா?" என்பதே அச்சொல். விருந்தில் நாலு கிளாஸ் விஸ்கி குடித்துவிட்டுத் தள்ளாடும் ஆணுக்கு "பாவம், வேலைக் களைப்பு" என்று சமாதானம் சொல்லும் அதே வாய், குடிக்கும் தாய்க்குச் சாபம் இடுகிறது. இருவரது உடலிலும் மது செய்யும் வேலை ஒன்றே. ஒருவருக்குப் பரிவும் மற்றவருக்குப் பழியும் என்பது எந்த நீதி?

பழிச்சொல்லின் விளைவு என்னவென்று பாருங்கள். அந்தத் தாய் குடியை விடுவதில்லை, ஒளிப்பதில் வல்லவராகிறார். மருத்துவரிடம் பொய் சொல்கிறார். தாதி வீட்டுக்கு வரும் நாளில் வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு கதவைத் திறக்கிறார். தன்னை வெறுக்கிறார், அந்த வெறுப்பைத் தாங்க இன்னும் குடிக்கிறார். ஓர் இயந்திரம் பழுதானால் பொறியியலாளர் அதைத் திட்டுவதில்லை. எந்தப் பாகத்தில் சுமை கூடியது என்று தேடுகிறார். இயந்திரத்துக்குக் காட்டும் பொறுமையைப் பெற்ற மகளுக்குக் காட்ட இயலாதா?

குடும்பம் பழிக்காமல் பேசினால் என்ன நிகழும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெரல்ட் ஃபோர்ட்டின் துணைவியார் பெற்றி ஃபோர்ட், நான்கு பிள்ளைகளின் தாய். வளர்ந்த பிள்ளைகளின் தாயாக இருந்த காலத்தில் மதுவுக்கும் மருந்துகளுக்கும் அடிமையாகியிருந்தார். 1978இல் கணவரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து, தாங்கள் கண்டவற்றை அவரிடம் நேரடியாகச் சொன்னார்கள். அவர் சிகிச்சை பெற்றார். தமது நோயை உலகறியச் சொன்னார். 1982இல் கலிபோர்னியாவில் பிறருக்காக ஒரு சிகிச்சை நிலையத்தையும் நிறுவினார். அத்தனை உயர்ந்த வீட்டுக்கும் இந்நோய் வந்தது. அந்த வீட்டின் மானம் போய்விடவில்லை.

ஆகவே போத்தலைக் கண்டவர் சொல்ல வேண்டிய முதற்சொல் எளியது. "நீ நித்திரை கொண்டு எத்தனை நாளாகிறது?" என்று கேளுங்கள். "நீ தனிய இல்லை, நான் இருக்கிறன்" என்று சொல்லுங்கள். எவ்வளவு, எப்போதிருந்து என்ற கேள்விகள் அதன் பின் வரட்டும். அவர் வெறியில் இருக்கும்போது பேச வேண்டாம். காலையில், குழந்தை உறங்கும் வேளையில் பேசுங்கள். பிறர் காதில் விழாமல் பேசுங்கள்.

அன்றிரவே செய்ய வேண்டியவை மூன்று உண்டு. முதலாவது, குழந்தையின் பாதுகாப்பு. குடித்த நிலையில் எவரும், தாயோ தந்தையோ, குழந்தையைத் தம் படுக்கையிலோ சோபாவிலோ அணைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. மூச்சடைத்துக் குழந்தை இறக்கும் ஆபத்து பெரிது. குழந்தை அதே அறையில் தனித் தொட்டிலில் மல்லாந்து உறங்கட்டும். இரண்டாவது, மது அகலும் வரை மாப்பாலோ, முன்னரே மது இல்லாத வேளையில் எடுத்து வைத்த தாய்ப்பாலோ கொடுங்கள். மூன்றாவது, நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்த ஒருவரை, "இன்றோடு நிறுத்து" என்று கட்டாயப்படுத்தி அறைக்குள் அடைத்து வைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, வாந்தி ஏற்படலாம். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிராபத்தும் நேரலாம். நிறுத்துவது மருத்துவரின் கண்காணிப்பில் நிகழ வேண்டும். வலிப்பு வந்தாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைத் தாய் வெளியிட்டாலோ உடனே 911ஐ அழையுங்கள்.

அடுத்து, எங்கே செல்வது? கியூபெக்கில் 811 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். முதலாம் தெரிவில் தாதி பேசுவார். இரண்டாம் தெரிவில் சமூக சேவையாளர் பேசுவார். மது, போதைப்பொருள் பற்றி மட்டும் பேசுவதற்கென்று 1-800-265-2626 என்ற இலவச இலக்கம் உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை. பகுதிதோறும் உள்ள சீ.எல்.எஸ்.சி. நிலையத்திலிருந்து, பிள்ளை பெற்ற தாயைப் பார்க்கத் தாதி வீட்டுக்கு வருவதைப் பலர் அறிவீர்கள். எடை பார்க்க வரும் அந்தத் தாதியிடமே இதையும் சொல்லலாம். கோட் டெ நேஜ் பகுதியில் 2007இல் மருத்துவர் வானியா ஹிமெனேசும் அவர் மகள் அமெலி சிகுவெனும் தொடங்கிய 'மேசோன் புளூ' என்னும் நீல இல்லம் 2011இல் பார்க் எக்ஸ்ரென்ஷனுக்கும் வந்தது. இடர்மிகு நிலையில் உள்ள கர்ப்பிணிகளுக்கு மருத்துவர், மருத்துவிச்சி, தாதி, சமூக சேவையாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் உதவுகின்றனர். பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை துணை தொடர்கிறது. தமிழர் செறிந்து வாழும் இரு பகுதிகளிலும் அது இருக்கிறது.

மதுவிலிருந்து மீள்வதற்கான பொதுச் சிகிச்சை நிலையங்கள் மொன்றியலில் கட்டணமின்றி இயங்குகின்றன. வீட்டிலிருந்தபடி ஆலோசனை பெறுவது பலருக்குப் போதும். மது மீதான வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. பாலூட்டுபவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தங்கியிருந்து சிகிச்சை பெற வேண்டிய நிலை வந்தால், போர்ட்டேஜ் என்னும் அமைப்பு மொன்றியலில் தாய்-சேய் நிலையம் ஒன்றை நடத்துகிறது. அங்கே தாய் தன் சிறு பிள்ளையுடனேயே தங்குகிறார். தாய் சிகிச்சையில் இருக்கும் வேளையில் பிள்ளையைப் பராமரிக்க ஆட்கள் உள்ளனர். பிள்ளையைப் பிரிய நேருமோ என்ற அச்சமே பல தாய்மாரைச் சிகிச்சைக்கு வராமல் தடுக்கிறது என்பதை உணர்ந்து அமைக்கப்பட்ட ஏற்பாடு அது.

அந்த அச்சத்தைப் பற்றித் தெளிவாகப் பேச வேண்டும். "சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற பேச்சு தமிழ் வீடுகளில் பலமாக உலவுகிறது. அரசையும் சீருடையையும் கண்டு அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு அது இயல்பு. 1979 முதல் நடைமுறையில் உள்ள கியூபெக்கின் இளையோர் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் கேள்வி, பிள்ளையின் பாதுகாப்போ வளர்ச்சியோ ஆபத்தில் உள்ளதா என்பது. இயன்றவரை பிள்ளை தன் குடும்பத்திலேயே வளர வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நோக்கமே. உதவி தேடி முன்வந்த தாய், பிள்ளையின் நலனுக்காக ஏற்கெனவே முதல் அடி வைத்தவர். ஒளித்து வைத்து, ஒருநாள் விபத்து நேர்ந்த பின் வெளிவருவதே குடும்பத்துக்கு உண்மையான ஆபத்து.

மொழி ஒரு தடை என்றால், சீ.எல்.எஸ்.சி.யிலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மொன்றியலில் சுகாதாரத் துறைக்கென மொழிபெயர்ப்பாளர் வங்கி ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவாக்கப்பட்ட எடின்பரோ வினாத்தாளின் பத்து வினாக்களும் தமிழில் உள்ளன. வேலூர் ஆய்வாளர்கள் அத்தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்டனர். தாதியிடம் அதையும் கேட்கலாம்.

கணவன்மாருக்கு ஒரு வேண்டுகோள். 2006 முதல் நடைமுறையில் உள்ள கியூபெக் பெற்றோர் காப்புறுதித் திட்டத்தின் அடிப்படைத் தெரிவில் தந்தைக்கென்றே ஐந்து வாரங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தந்தை எடுக்காவிட்டால் அவை வீணாகும். மேலதிக வேலை தரும் காசுக்காக அந்த ஐந்து வாரங்களை இழக்காதீர்கள். இரவில் ஒரு நேரப் பாலை நீங்கள் கொடுத்தால், தாய்க்கு நாலு மணி நேரம் தொடர்ந்து உறக்கம் கிடைக்கும். மேலும், வீட்டில் மதுவை வைத்துக்கொண்டு மனைவியை மட்டும் விடச் சொல்வது நடவாத காரியம். உங்கள் போத்தலும் வெளியேற வேண்டும்.

மாமிமாருக்கும் அம்மம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். இந்தப் பெண்ணுக்கு நீங்கள் ஒருவரே. இந்தச் செய்தி உங்கள் வாயிலிருந்து கோயில் மண்டபத்துக்கோ வேறு உறவினருக்கோ செல்லாதிருப்பதும் நீங்கள் செய்யும் பேருதவி.

இளையோர்களே, வீட்டில் பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் பெரும்பாலும் நீங்களே. 811ஐ அழைத்து, வரிசையில் காத்திருந்து, சந்திப்புக்கு நேரம் எடுத்துக் கொடுப்பது உங்களால் இயலும். ஆனால் சிகிச்சை அறைக்குள் உங்கள் அக்காவுக்கோ அம்மாவுக்கோ மொழிபெயர்ப்பாளராக அமர வேண்டாம். சொல்லக் கூசும் உண்மைகளை அவர் உங்கள் முன் சொல்லமாட்டார். அந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். இந்த இரகசியத்தைத் தனியே சுமக்கவும் வேண்டாம். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுங்கள்.

மீட்சி ஒரே நாளில் வராது. நன்றாக இருந்த ஒருவர் மீண்டும் ஒருநாள் குடித்துவிடக் கூடும். அதைத் தோல்வி என்று எண்ணி அவரைக் கைவிட்டுவிடாதீர்கள். நீரிழிவு நோயாளிக்குச் சீனி கூடினால் மருந்தை மாற்றுகிறோமே தவிர அவரை வீட்டை விட்டு விரட்டுவதில்லை.

தொடக்கத்தில் எண்ணிப் பார்த்த அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குத் திரும்புங்கள். போத்தலைக் கையில் எடுத்தவர் அதைச் சுவரில் எறியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேசையில் வைத்துவிட்டு, அழும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய்ப் படு, காலையில் கதைப்போம்" என்று மட்டும் சொல்கிறார். காலையில் இருவரும் சேர்ந்து 811ஐ அழைக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு தாயும் ஒரு பிள்ளையும் காக்கப்படுவதற்கு அது போதுமான தொடக்கம்.